தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

பேனா மாற்றினேன். பழையது ஏழு வாரம் வந்தது. எங்கள் அலுவலகத்தில் காலிப் பேனாவைக் காட்டினால்தான் புதுப் பேனா. ஸ்டோர் கீப்பர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பாட்டு கேக்கறீங்களா, பாட்டு எழுதறீங்களா?" என்றார். நியாயமான கேள்வி.

என் பதவியின் பெயர் கேட்பு அலுவலர். இசை நிறுவனம், சட்டப் பிரிவு, இரண்டாம் மாடி, ஜன்னலோரம். எங்கள் பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பரிமாறிக்கொள்கிறவர்கள் மேல் நிறுவனம் வழக்குப் போடுகிறது. அப்படிப் பரிமாறியது எங்கள் பாட்டுத்தான் என்று ஒரு மனிதன் சத்தியம் செய்ய வேண்டும். கணினி செய்யும் சத்தியத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. அந்த மனிதன் நான். பிடிபட்ட கோப்புகள் காலையில் சி.டி.யில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்: "மேற்படி கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டேன். இது எங்கள் நிறுவனத்தின் பாடலே என உறுதி கூறுகிறேன்." கீழே கையெழுத்து.

நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது. முழுக்கக் கேட்டால் இருபது மணி நேரம் ஆகும். ஆகவே காதுக்கு இருபது விநாடி, பேனாவுக்கு ஒரு நிமிடம். இருபது என்பது என் சோம்பேறித்தனம் அல்ல, ஆராய்ச்சி. வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து எண்பது பக்க அறிக்கை கொடுத்தார்: ஒரு பாடலை அடையாளம் காண மனிதக் காதுக்கு இருபது விநாடி போதும். அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். மோசமான புத்தகத்தைக்கூடப் பாதியில் மூடும் பழக்கம் எனக்கில்லை. பாட்டு விஷயத்தில்தான் இப்படி.

மூன்றரை வருடமாகப் பாட்டுக்களின் முன்வாசலில் மட்டும் நிற்கிறேன். எந்தப் பாட்டும் எப்படி முடிகிறது என்று தெரியாது. தூக்கம் கெடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மனைவி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். எங்க கிளினிக்குக்குப் பின்னால ஒரு அக்கா இருக்காங்க. நாளையிலேர்ந்து அவங்ககிட்ட—"

நல்ல முடிவாகத்தான் இருக்கும். "நல்லது" என்றேன்.

இவள் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள். வாயைத் திறக்க முடியாதவர்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவள். வீட்டில் விவரமாகப் பேசுவது இயல்பு. நான் செய்தித்தாளுக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மதியம் மச்சான் வந்தான். இவளுடைய தம்பி, கணினி பழுது பார்க்கிறவன். சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான், உங்க கம்பெனிப் பாட்டை நெட்லேர்ந்து எறக்கினா, இப்பல்லாம் ஏன் பாதியிலயே—" என்றான். நான் சட்டப் பிரிவு, என்னிடம் எதுவும் சொல்லாதே என்று தடுத்துவிட்டேன். சொன்னால் அவன் பேரிலும் படிவம் எழுத வேண்டி வரும். அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன் மேல் படிவம் எழுதுவது முறையல்ல. கை கழுவட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் கிளம்பிவிட்டான்.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் தலைமை வழக்கறிஞருக்கு அலுவலகத்தில் உடனடி என்று பெயர். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் "உடனடி" என்று முத்திரை குத்துவார். போன மாதம் ஒருவருக்குப் பணி ஓய்வு வாழ்த்து அட்டை போனது. அதிலும் குத்தியிருந்தார்.

இன்று எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். "ஒரு பாட்டைத் திருடறவன் ஒரு பாட்டைத் திருடல. அந்தப் பாட்டு மேல நமக்கு இருக்கிற நம்பிக்கையைத் திருடறான்." யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் கைதட்டினோம். இருபது விநாடி தட்டியிருப்போம்.

மார்ச் 19, புதன்

லிஃப்ட் பழுது. சாப்பாட்டு அறையில் வேறு இடமில்லாததால் ஐந்தாம் மாடிக்காரர் என் எதிரில் உட்கார்ந்தார். அந்த மாடியில் ஒரே ஓர் அறை, கதவில் பெயர்ப் பலகை கிடையாது. ஒடுங்கிய மனிதர். சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டிருந்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க சார்."

"என் வேலையே கையெழுத்துப் போடறதுதான்," என்றேன்.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது மெல்ல விசிலடித்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அடிப்பார்களே, யாருக்கும் இல்லாத விசில், அந்த மாதிரி. நான் எழுந்து வந்துவிட்டேன். நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மனைவி கையிலிருந்து பாத்திரம் அடிக்கடி விழுகிறது. இந்த வாரம் மூன்று முறை. எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்காமல் புத்தகம் படித்தேன். விழுந்ததைப் பெரிதுபடுத்தினால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும். கை நரம்பில் ஏதாவது பிரச்சினையா? டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

காரை எடுக்க வேண்டாம், பஸ்ஸில் போங்கள் என்கிறாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறாள். "ரோட்டுல. ஹாரன். அடிக்கிறாங்க. பாத்துப் போங்க." அக்கறைதான். பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் படிக்கலாம் என்பதால் எனக்கு லாபமே.

மே 2, வெள்ளி

அமைதியான நாள். 240.

மே 11, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் கொஞ்சம் புரியும்.

காலையில் மனைவி ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். எங்கள் நிறுவனத்தின் நோட்டீஸ் நகல். மூலையில் "உடனடி". இரண்டாம் பக்கத்தில் என் படிவம்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான்."

"எங்க அக்காவுக்கு அனுப்பியிருக்கீங்க."

இவளுக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. கேட்டேன்.

"கார் ஓட்டக் கத்துத் தர்ற அக்கா! ரெண்டு மாசமா நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "மார்ச் ஒன்பதாம் தேதி சொன்னேன். நல்லதுன்னீங்க," என்றாள். இந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாள்.

விவரம் இதுதான். அந்த அம்மாள் ஒற்றை ஆளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஒரே ஒரு கார், ஆசிரியர் பக்கமும் பிரேக் வைத்தது. புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்குக் கை நடுங்கும். அதற்காக வண்டியில் ஒரு பாட்டுப் போடுவார். அது இணையத்தில் இறக்கியது. மாணவர்கள் கேட்டால் சி.டி.யில் பதிந்தும் கொடுப்பார், வீட்டில் கேட்டுப் பழகுங்கள் என்று. அவர் கணினியிலிருந்து ஊர் உலகமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆட்களும் எடுத்தார்கள், என் மேஜைக்கு வந்தது, நான் உறுதி கூறினேன். இப்போது நோட்டீஸில் கேட்டிருக்கும் இழப்பீட்டுக்கு அந்தக் காரை விற்க வேண்டும். கார் போனால் பள்ளி இல்லை.

"சட்டம் சட்டம்தானே," என்றேன். "எங்கள் பாட்டை எடுத்தது உண்மை."

"உங்க பாட்டா?"

உள்ளே போய் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிப் போட்டாள். போன வருடம் வெளிவந்த எங்கள் பாட்டுத்தான். தடதடவென்று ஆரம்பித்தது. சந்தேகமே இல்லை. எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள். அந்தக் குரலில் அவள் பல் வலிக்காரர்களை உட்கார வைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

இருபத்தோராம் விநாடியில் பாட்டு நின்றது. ஒரு மூச்சு. பிறகு விசில்.

வேறொன்றும் இல்லை, விசில்தான். யாரோ ஒருவர் அவசரமில்லாமல் ஓர் அறையில் தனியாக அடிக்கிறார். நடுவில் எங்கேயோ ஒரு கதவு சாத்துகிறது, அவர் அதற்காக நிறுத்தவில்லை. மேலே போகிறது, போன வழியே இறங்காமல் வேறு வழியாக இறங்குகிறது. நாலு நிமிடம் நாற்பது விநாடி. முடிகிறது.

மூன்றரை வருடத்தில் நான் முடிவு வரை கேட்ட முதல் பாட்டு, பாட்டு அல்ல.

"இதான் அக்கா போடறது. இதைக் கேட்டுத்தான் எனக்கு கிளட்ச் வந்துச்சு. இது உங்க பாட்டா? இதைத் தொடக்கத்துலேர்ந்து முடிவு வரைக்கும் கேட்டீங்களா நீங்க?"

அந்த விசிலை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டப்பா கழுவும் இடத்தில்.

மே 12, திங்கள்

ஐந்தாம் மாடிக்குப் படியேறினேன். கதவைத் தட்டினேன். ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு கணினி, கழுத்துவரை பித்தான் போட்ட அதே மனிதர். பேர் வைக்காத அந்த அறையின் வேலை பொறி வைப்பது. எங்கள் பாட்டின் தலைப்பில் போலிக் கோப்புகளைத் தயாரித்து நிறுவனமே இணையத்தில் கொட்டுகிறது. முதல் இருபது விநாடி நிஜப் பாட்டு, மீதி வெறும் இரைச்சல். எடுத்தவன் வெறுத்துப்போய்க் கடைக்குப் போய் வாங்குவான் என்பது ஏற்பாடு.

"இரைச்சல்தானே? விசில் எங்கிருந்து வந்தது?"

வியர்த்துவிட்டது மனிதருக்கு. "அனுப்பறதுக்கு முன்னால முழுசாக் கேட்டுச் சரிபார்க்கணும்னு எனக்கு உத்தரவு சார். நாள் பூரா நாலு நாலு நிமிஷம் இரைச்சல். காது போயிடும்போல இருந்துச்சு. அதான் நம்ம காதுக்காக... யாரும் இருபது விநாடிக்கு மேல கேக்க மாட்டாங்கன்னு அறிக்கையிலயே போட்டிருந்துச்சு."

"எந்த அறிக்கை?"

அலமாரியிலிருந்து எடுத்தார். அதே அட்டை, அதே எண்பது பக்கம், அதே ஆலோசகர். ஒரே அறிக்கையை இரண்டு மாடிக்கும் தனித்தனியாக விற்றிருக்கிறார். அவர்கள் பொறி வைப்பது இருபது விநாடிக்குப் பிறகு. நான் காதை எடுப்பது இருபதாம் விநாடியில். ஆக, எங்கள் பொறியில் விழுந்தவர்கள் மேல் எங்கள் பாட்டைத் திருடினார்கள் என்று நானே சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிகள் இவ்வளவு ஒத்துழைப்பதை இதற்கு முன் பார்த்ததில்லை.

ஓர் ஓட்டுநர் பள்ளியில் உங்கள் விசிலைப் போட்டுக் கற்றுத் தருகிறார்கள் என்று சொன்னேன். பயந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"முழுசாவா கேக்கறாங்க?" என்றார்.

"முழுசா."

நாற்காலியில் உட்கார்ந்து மைக்கின் ஒயரைக் கொஞ்ச நேரம் நேராக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

மே 19, திங்கள்

உடனடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கோப்பு நம் பாட்டு இல்லை, நாமே போட்ட பொறி, வழக்கைத் திரும்பப் பெறலாம் என்று.

அவர் என் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "நம்ம பாட்டுன்னு நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்களே?"

"இருபது விநாடி கேட்டுப் பண்ணினேன் சார்."

"படிவத்துல முழுசாக் கேட்டேன்னு இருக்கு. நீங்க பொய் சொல்ற ஆளா?"

"இல்லை சார்."

"அப்போ முழுசாக் கேட்டிருக்கீங்க. அப்போ அது நம்ம பாட்டு." காகிதத்தை மூடினார். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. உண்மைதான் வெளியே நின்றது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தரை விட்டா மத்தவங்களும் முழுசாப் போட்டுப் பாப்பாங்க. ஜூன் அஞ்சாம் தேதி நீங்கதான் முதல் சாட்சி. படிவத்துல உள்ளதைப் படிச்சா போதும். முதுநிலைக் கேட்பு அலுவலர்னு ஒரு பதவி உருவாக்கலாம்னு இருக்கேன்." கோப்பில் முத்திரை குத்தினார். எதைக் குத்தினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

என்ன சொல்லப் போறேன்?

படிவத்தை அப்படியே படிச்சா அந்த அம்மாவோட கார் போகும். கேக்கலைன்னு சொன்னா — பொய்ச் சத்தியம். ஒண்ணா ரெண்டா? ரெண்டு லட்சம் இருக்கும். ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து, சுழிச்சு, கீழ ரெண்டு புள்ளி வெச்சு. வேலை போகும். ஓய்வு பெற ஒன்பது வருஷம் இருக்கு இன்னும். இந்த வயசுல வெளிய போய் என்ன வேலைன்னு சொல்றது? பாட்டுல முதல் இருபது விநாடி நல்லாக் கேப்பேன்னா?

புத்தகத்தில் மனம் போகவில்லை. ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். எல்லாம் தெரிந்தவன்போல இத்தனை வருடம் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேனே — சிரிக்கிறவன் கையெழுத்தும் அதே மாதிரிதான் இருக்கிறது. அழுகிறவன் கையெழுத்துக்கும் அதற்கும் நோட்டீஸில் வித்தியாசம் தெரியாது.

இவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நடுவுல நிறுத்தாம முழுசாச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஜூன் 5, வியாழன்

நீதிமன்றம். இரண்டாம் தளம், மின்விசிறி மூன்று, ஓடுவது ஒன்று, அதுவும் நீதிபதிக்கு.

ஓட்டுநர் பள்ளி அம்மாளை முதல் முறை பார்த்தேன். குள்ளம், வெள்ளைத் தலை, காலில் ஷூ. நாற்காலியில் உட்காரும் முன் அதை முன்னால் இழுத்துச் சரிசெய்து, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். தொழில் பழக்கம்.

"உங்களுக்கு வக்கீல் இல்லையாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"இருக்காருங்க ஐயா. என்கிட்டத்தான் வண்டி கத்துக்கறார். அவருக்கு இன்னும் ரிவர்ஸ் வரல. அதான் நானே வந்துட்டேன்."

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். உடனடி படிவத்தைக் கையில் கொடுத்தார். படித்தேன். "தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டேன்." குரல் நன்றாகத்தான் வந்தது. உடனடி திருப்தியாக உட்கார்ந்தார்.

அம்மாள் எழுந்தார். "சார், ஒரே ஒரு கேள்வி. கேட்டீங்களா?"

கடைசி வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கிளினிக்குக்கு அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறாள்.

"இருபது விநாடி கேட்டேன்," என்றேன். "அதற்குப் பிறகு உள்ளது எங்கள் பாட்டு இல்லை. அது எனக்கு மே பதினோராம் தேதிதான் தெரிய வந்தது. இந்த அம்மாள் என் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர், அதையும் சொல்லிவிடுகிறேன்."

"மத்தப் படிவங்கள்?" நீதிபதி.

"எல்லாமே இருபது விநாடிதான் ஐயா."

"எல்லாம்னா எத்தனை?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி என்னைப் பார்த்தார். நான் அதே ஆளாகத்தான் இருந்தேன்.

"அந்தக் கோப்பை இங்க போடுங்க."

உடனடி எழுந்தார். "ஐயா, நீதிமன்றத்தின் நேரம் வீணாகும். முதல் இருபது விநாடி போதும், அறிக்கை இருக்கிறது—"

"சாவியைத் திருகினதுமே லைசன்ஸ் குடுத்துடுவாங்களா சார்?" என்றார் அம்மாள்.

போட்டார்கள். இருபது விநாடி தடதடப்பு. பிறகு மூச்சு. பிறகு விசில்.

தட்டச்சு நின்றது. வாசலில் அடுத்த வழக்குக்குக் காத்திருந்த இரண்டு பேர் சண்டையை நிறுத்தினார்கள். நீதிபதி ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் நாற்பது விநாடியும் யாரும் குறுக்கே பேசவில்லை. இந்த ஒன்றுக்காகவாவது ஐந்தாம் மாடிக்காரருக்குப் பதவி உயர்வு தரலாம்.

"இது யாரு?"

உடனடி சுறுசுறுப்பானார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது, ஒரு மனிதரால் இவ்வளவு தூரம் பின்னால் பார்க்காமல் ஓட்ட முடியுமா என்று. "ஐயா, அதுவும் எங்கள் சொத்து! எங்கள் ஊழியர், எங்கள் கட்டடத்தில், வேலை நேரத்தில் அடித்த விசில்!"

"சரி. இதை நெட்டுல போட்டது யாரு?"

"நாங்கள்தான் ஐயா."

"எதுக்குப் போட்டீங்க?"

"எடுக்கறவங்க எடுக்கட்டும்னு."

"எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"அப்புறம் என்ன?"

உடனடி கோப்பின் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். அம்மாள் மட்டும், பாடம் நடத்தும் குரலில், "பதட்டப்படாதீங்க சார், நியூட்ரலுக்கு வாங்க," என்றார்.

வழக்குத் தள்ளுபடி. எனக்குக் கடுமையான எச்சரிக்கை. நின்றுகொண்டு கேட்டேன். நீளமான எச்சரிக்கை. முடிவு வரை கேட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

அலுவலகம் போனேன். நாற்காலி இருந்தது. சி.டி. கட்டு வரவில்லை. ஸ்டோர் கீப்பர் மட்டும் வந்து, மை தீராத பேனாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜூன் 23, திங்கள்

தீர்ப்பின் நகல் வந்தது. இரண்டாம் பக்கத்தில் நீதிபதி எழுதியிருக்கிறார்: நிலுவையில் உள்ள எந்த வழக்கிலும் அந்தப் படிவங்கள் செல்லாது. செல்ல வேண்டுமானால், கையெழுத்திட்ட அதே அலுவலர் ஒவ்வொரு கோப்பையும் உண்மையாகவே தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டு மறுபடி கையெழுத்திட வேண்டும்.

அதே அலுவலர். உடனடி இந்த வரியை மூன்று முறை படித்தாராம். என்னை நீக்கினால் ரெண்டு லட்சம் கோப்பும் குப்பை. ஆகவே நான் இனி முழுக் கேட்பு அலுவலர். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் பாட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடிக்கப் பத்து வருடம் ஆகும். ஓய்வு பெற ஒன்பதுதான் இருக்கிறது.

தண்டனை இப்படியும் அமைவதுண்டு என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

ஐந்தாம் மாடிக்காரரின் விசிலை இசைத்தட்டாக வெளியிட நிறுவனம் ஆசைப்பட்டது. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு பேர் நின்றார்களாம். வரவில்லை. வெறும் காற்று.

"யாரோ கேக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா உதடு காஞ்சு போகுது சார்," என்றார் என்னிடம். வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. டப்பா கழுவும்போது அடித்தார். நான் குழாயடியில் வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றேன். முடியும் வரை.

முழுக்கக் கேட்க ஆரம்பித்ததில் தெரிந்த ஒன்று: எங்கள் பாட்டுக்கள் பலவற்றில் நல்ல பகுதி மூன்றாவது நிமிடத்தில்தான் வருகிறது. இதைச் சட்டப் பிரிவில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவளுக்கு லைசன்ஸ் வந்து பத்து நாள். அம்மாள் வீட்டுக்கே வந்து, "உங்க வீட்டம்மா நல்லா ஓட்டறாங்க சார். நீங்க பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிக்காம இருங்க, அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று முதல் முறை நெடுஞ்சாலை. இவள் ஓட்ட, நான் பக்கத்தில். அவளுடைய அப்பா வீடு வரை, நாற்பது நிமிடம். விசிலைப் போட்டாள். அது முடிந்ததும் பேச ஆரம்பித்தாள். கிளினிக்கில் ஒருவர் தவறான பல்லைக் காட்டிய கதை. அதிலிருந்து அவருடைய மகள் கல்யாணம். அதிலிருந்து கல்யாணத்துக்குப் போக வேண்டிய அவசியம் பற்றி. இருபதாவது விநாடியில், கேட்டது போதும் என்று தலை தானாக ஆட வந்தது. பிடித்து நிறுத்தினேன். கழுத்து வலித்தது.

முப்பதாவது நிமிடம் இருக்கும்.

"நான் ஏன் கார் கத்துக்கிட்டேன்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் கேக்கல," என்றாள்.

கேட்டேன்.

"உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு நெனச்சேங்க. எது சொன்னாலும் பதில் இல்ல. நாள் பூரா ஹெட்போன் மாட்டற வேலை வேற. எத்தனை பாத்திரம் பின்னால போட்டு உடைச்சேன், திரும்பிப் பாத்தீங்களா? காது கேக்காத மனுஷனை எப்படி ரோட்டுல கார் ஓட்ட விடறது? நேராச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. சரி, நாமளே ஓட்டிக்கிட்டுப் போவோம்னு போய்ச் சேர்ந்தேன்." கியர் மாற்றினாள். அழகாக மாற்றினாள். "கோர்ட்டுல நீங்க இருபது விநாடின்னு சொன்னப்பதான் புரிஞ்சுது. காது நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் அப்படின்னு."

"கோபம் வரவில்லையா?"

"நிம்மதியா இருந்துச்சு. அப்புறம்தான் கோபம் வந்துச்சு. அதுக்குள்ள ரிவர்ஸ் டெஸ்ட் வந்துருச்சு, மறந்துட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "கேட்டீங்களா, நான் சொன்னதெல்லாம்?" என்றாள்.

கேட்டேன் என்றேன். சாட்சியாக இந்தக் குறிப்பு: இன்று காலை ஒன்பது இருபது முதல் பத்து மணி வரை என் மனைவி சொன்னதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டேன் என உறுதி கூறுகிறேன். பாலத்தின் மேல் ஒரு லாரி தாண்டியபோது மட்டும் நாலு விநாடி காதில் விழவில்லை. அதில் என்ன சொன்னாள் என்று நாளை கேட்க வேண்டும்.